ரெங்கத்துக்குப் போன கல்யாண வேதாகமம்

1

சென்ற மாதம் என் மகனுக்கு இருபத்தொரு வயது நிறைந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு அது கேக் வெட்டும் சமாசாரம். எங்களுக்குப் படிவம் நிரப்பும் சமாசாரம். வேலைக்கென்று மலேசியா வந்தவனின் பிள்ளை அந்த வயதுவரைதான் அப்பாவின் அனுமதிச்சீட்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கலாம். அதற்குப் பிறகு அவனுக்கென்று தனியாக ஒன்று வேண்டும். நத்தானியேல் இங்கே ஸ்கூடாயில் கணினி படிக்கிறான் என்பதால் பிறந்தநாளுக்கு முன்பே மாணவர் சீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள்.

அலுவலகத்தில் இருந்த மலாய்ப் பெண்மணி பொறுமையானவர். "மிஸ்டர் ஜெபராஜ்" என்று கூப்பிட்டார். நான் எழுந்தேன். அவர் எனக்குப் பின்னால் எழுந்து நின்ற மகனைப் பார்த்தார். நம் ஊர் வழக்கப்படி அவன் பெயருக்குப் பின்னால் என் பெயரை எழுதிவைத்ததன் பலன் இது. இந்த நாட்டில் எந்தக் கவுண்டரிலும் அவனை என் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். பத்தொன்பது வருடமாக யார் எழுந்திருப்பது என்று தெரியாமல் இருவரும் சேர்ந்தே எழுந்து நிற்கிறோம்.

பிறப்புச் சான்றிதழின் அசல் வேண்டும் என்றார். நகல் போதாது. நாளைக்கே கொண்டுவருகிறேன் என்று நான் மலாயில் சொன்னேன். என் மலாய் மீன் வாங்கவும் வழி கேட்கவும் போதுமானது, அதற்கு மேல் போகாது. மகன் அதே வாக்கியத்தை ஒழுங்கான மலாயில் திரும்பச் சொன்னான். அந்தப் பெண்மணி அவனைப் பார்த்துச் சிரித்தார்.

சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டில் எங்கள் கல்யாண வேதாகமம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில், தூத்துக்குடிக்குத் தெற்கே, கல்யாண ஆராதனை முடிந்ததும் குருவானவர் மணமக்கள் கையில் ஒரு பெரிய வேதாகமத்தைக் கொடுப்பார். பக்கத்துக்குப் பக்கம் ஒத்துவாக்கியங்கள், அதாவது அதே கருத்து வரும் மற்ற வசனங்களின் எண்கள், போட்ட கெட்டிப் பதிப்பு. அதற்குப் பழுப்பு நிறத்தில் ஒரு தோலுறை தைத்து வாங்கினோம். உறையின் உட்பையில்தான் வீட்டின் முக்கியமான தாள்களெல்லாம் இருக்கும்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டு காலியாக இருந்தது.

2

அந்தத் தட்டு ஏன் காலியானது என்பதைச் சொல்ல, ரெங்கம் பக்கத்தில் குருவானவர் ஆவதற்குப் படிக்கும் இறையியல் பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம். ரெங்கம் சின்ன ஊர். அதைத் தாண்டி, ஒரு காலத்தில் தோட்ட அலுவலகமாக இருந்த பலகை வீட்டில் அந்தப் பள்ளி நடக்கிறது. பதினான்கு மாணவர்கள். பெரும்பாலும் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு மாறிய குடும்பத்துப் பிள்ளைகள். அப்பா தொழிற்சாலையில், அம்மா துப்புரவு வேலையில். பலர் குடும்பத்திலேயே முதல் கிறிஸ்தவர்கள். நம் ஊர்போலப் பாட்டன் முப்பாட்டன் விட்டுப்போன வேதாகமம் எதுவும் வீட்டில் கிடையாது.

முதல்முறை நான் அங்கே போனபோது ஒரு வகுப்பைப் பார்த்தேன். மூன்று பேருக்கு ஒரு தமிழ் வேதாகமம். நடுவில் இருப்பவன் புத்தகத்தைப் பிடித்திருக்க, இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு தலைகள் சாய்ந்திருந்தன. ஒத்துவாக்கியப் பதிப்பு நூலகத்தில் இரண்டே இரண்டு. பரீட்சைக்கு அதுதான் வேண்டும் என்பதால் முறை போட்டு எடுத்து, வேண்டிய அதிகாரங்களை நோட்டில் கையால் எழுதிக்கொள்வார்கள். கைபேசியில் பார்க்கலாமே என்று கேட்டேன். வார நாட்களில் கைபேசியைப் பள்ளியில் வாங்கி வைத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை திரும்பக் கிடைத்தாலும் அந்தத் தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது. ஜொகூர் பாருவில் தேடினால் சின்னப் பதிப்பு எப்போதாவது கிடைக்கும். பெரியது ஊரிலிருந்துதான் வர வேண்டும்.

எனக்கு உடனே எங்கள் சபைதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் வேதாகமத்துக்குப் பஞ்சம் ஏது? ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்தால் பரிசு வேதாகமம். திடப்படுத்தல் ஆராதனைக்கு ஒன்று. கல்யாணத்துக்கு ஒன்று. வெளியூர் வேலைக்குப் போனால் அத்தை ஒருத்தி ஒன்று வாங்கிக் கொடுப்பாள். நான்கு பேர் இருக்கும் வீட்டில் பதினோரு வேதாகமம் இருக்கும். பழையதைத் தூக்கிப் போடவும் மனம் வராது, படிக்கவும் மாட்டார்கள். பீரோவுக்கு மேலே அந்துருண்டை போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள்.

போன முறை ஊருக்குப் போனபோது ஆராதனை முடிந்து அறிவிப்பு வேளையில் எழுந்து கேட்டேன். மறுநாள் முதல் வீட்டு வாசலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். என் ஞாயிறு பள்ளி ஆசிரியை தங்கபுஷ்பம் டீச்சர், தன் வீட்டுக்காரரின் வேதாகமத்தை வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர் இறந்து ஆறு வருடம். "அவுக கண்ணாடிய உள்ளதான் வச்சிருப்பாக. எடுத்துட்டேன். ஒரு தடவ பாத்துக்க, வேற எதும் இருந்தா குடு" என்றார். பார்த்தேன். ஒரு பஸ் டிக்கெட்டும் காய்ந்த அரளிப் பூவும் இருந்தன. கொடுத்தேன். டிக்கெட்டை வைத்துக்கொண்டு பூவைத் திரும்ப உள்ளேயே வைக்கச் சொன்னார்.

ஒவ்வொன்றிலும் முதல் தாளில் ஏதாவது எழுதியிருந்தது. யார் யாருக்கு எப்போது கொடுத்தது, பிள்ளைகள் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், அடக்கம் செய்த நாள். அந்தத் தாள்களைக் கிழித்துவிடட்டுமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரெங்கத்து மாணவர்களுக்கு ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். புத்தகம் இலவசம். ஆனால் முதல் தாளில் யார் பெயர் இருக்கிறதோ, அவருக்காகத் தினமும் காலையில் ஜெபிக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி இரண்டு பெட்டியையும் திறக்கச் சொன்னார். எல்லாம் புத்தகமா, விற்கவா என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாக முதல் தாளைத் திறந்து காட்டினேன். வேறு வேறு கையெழுத்து, வேறு வேறு மை. ஒரு தாளில் யாரோ ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைச் சற்று நேரம் பார்த்தார். போகலாம் என்று கையைக் காட்டினார்.

ஊரிலிருந்து இருபத்து மூன்று வந்தன. இங்கே எங்கள் தமிழ்ச் சபையில் கொடுத்தவற்றையும் சேர்த்து ஒரு சனிக்கிழமை வீட்டுக் கூடத்தில் அட்டைப்பெட்டிகளில் அடுக்கினோம். மகன் உதவினான். சபைக்கு வருவதை அவன் நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் பெட்டி கட்டவும் தூக்கவும் கூப்பிட்டால் வருவான். நம் வீட்டில் படிக்காமல் கிடப்பதையும் எடுத்து வை என்று நான்தான் சொன்னேன். உள்ளே பேர் எழுதியிருக்கே என்று அவன் கேட்டதற்கு, பரவாயில்லை, அப்படியே வை என்று சொன்னதும் நான்தான்.

இப்போது அலமாரி முன்னால் நின்றுகொண்டு அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்த பிரவுன் கலர் பெருசா? அதையும் போட்டேன். நீங்க இப்பல்லாம் பெரிய எழுத்து பைபிள்தானே படிக்கிறீங்க. அத யாரும் தொடறதே இல்லையே பா."

அவன் சொன்னது உண்மை. நான் அதைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. ஏன் என்பதை அவனிடம் சொல்ல முடியவில்லை.

3

உங்களுக்குச் சொல்கிறேன்.

நத்தானியேல் ஏழாம் மாதத்தில் பிறந்தவன். ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்து, வாயிலும் மூக்கிலும் குழாய் செருகியிருந்தார்கள். என் மனைவி செல்வராணி இன்னொரு மாடியில் மயக்கத்தில் இருந்தாள். எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தையின் தலைமாட்டில் வேதாகமம் வைப்பது வழக்கம். அதற்காக மாமியார் கல்யாண வேதாகமத்தை எடுத்துக் கொண்டுவந்திருந்தார். உள்ளே எதுவும் வைக்கக் கூடாது என்று நர்ஸ் அதைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டார். மூன்று நாள் போகட்டும், அதுவரை எதையும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார்.

மத்தியான வேளை. தாழ்வாரத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. மருந்துச் சீட்டு எழுதும் மேசையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று குருவானவர் எங்கள் பெயரை எழுதிய முதல் தாளில், அந்தப் பெயர்களுக்குக் கீழே, ஒரு பொருத்தனையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் குடும்பங்களில் பொருத்தனை புதிதில்லை. காய்ச்சல் தீர்ந்தால் மெழுகுவர்த்தி, வேலை கிடைத்தால் சபையார் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகைக்கு அரிசி மூட்டை என்று நேர்ந்துகொள்வோம். நான் நேர்ந்தது பிள்ளையை. பிழைத்தால் அவனைக் குருவானவர் ஆக்குவதாக.

அவன் பிழைத்தான். ஒன்றரை வயதில் ஓடினான். அந்த வருடம்தான் ஜொகூரில் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம், அவன் வளரட்டும், பிறகு பேசலாம் என்று இருந்தேன். அவன் வளர்ந்தான். நான் பேசவில்லை. ராணியிடமும் சொல்லவில்லை. இறையியல் பள்ளிக்குப் புத்தகம் சேர்ப்பதில் எனக்கு ஏன் அவ்வளவு ஆர்வம் என்று சபையில் பலர் பாராட்டிக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை நானே இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. கைபேசி கைக்கு வந்ததும் ஒரு மாணவர் ரெங்கம் டவுனுக்குப் போய்க் கூப்பிட்டார். பெயர் லோகேஸ்வரன். மூவாரைச் சேர்ந்தவர். அப்பா நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். "அண்ணே, பசியாறிட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். வந்த புதிதில் யாராவது இப்படிக் கேட்டால் என்னைப் பார்த்தால் பட்டினி கிடப்பவன் போலவா இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இங்கே காலை உணவு ஆயிற்றா என்று கேட்பது அப்படித்தான்.

"அந்தப் பெரிய பைபிள் என்கிட்டதான் இருக்கு அண்ணே. உறைய கழட்டி வச்சிட்டேன். இப்பதான் பாத்தேன், உள்ள சர்ட்டிபிகேட் இருக்கு. பத்திரமா இருக்கு, கவலப்படாதீங்க."

என் கவலை சான்றிதழைப் பற்றியதல்ல. தனியாகப் போய் வாங்கி வந்துவிடலாம் என்று நினைத்தேன். கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, காரோட்டக் கூடாது. பேருந்தில் போகிறேன் என்றேன். மகன் சிரித்தான்.

"என் சர்ட்டிபிகேட். பெட்டியில போட்டதும் நான். நானே காடி ஓட்டறேன் பா."

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

4

கார் செம்பனைகளுக்கு நடுவே போகும்போது எனக்கு எங்கள் வீட்டு மாலை ஜெபம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. பாயில் வட்டமாக உட்காருவோம். அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாக வாசிக்க வேண்டும். நாங்கள் பிள்ளைகள் எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, எங்கள் வசனம் எது என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, அதை மட்டும் மனதுக்குள் நான்கு முறை சொல்லிப் பார்ப்போம். மற்றவர்கள் வாசிப்பது காதில் விழாது. யாராவது விருந்தாளி நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டால் கணக்கெல்லாம் குலைந்துபோகும். கடினமான பெயர்கள் நிறைந்த வசனம் தம்பிக்கு விழுந்தால் எனக்குச் சிரிப்பு அடங்காது. அம்மா பழைய காலண்டரின் தடித்த தாளில் அட்டை போட்ட வேதாகமத்தால் என் முதுகில் தட்டுவாள்.

ஸ்கூடாய் வீட்டிலும் அதைத் தொடர்ந்தோம். மகன் தேசியப் பள்ளியில் மலாயில் படித்தான். தமிழ் எழுத்து படிக்கச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பினோம், நீச்சல் வகுப்பும் அதே நேரத்தில் வந்தது, நீச்சல் வென்றது. அதனால் நானும் ராணியும் தமிழில் வாசிக்க, அவன் தன் வசனத்தை ஆங்கிலத்தில் வாசித்தான். வசன எண் ஒன்றுதானே என்று சமாதானம் செய்துகொண்டோம். பிறகு கைபேசியில் பார்த்து வாசித்தான். பிறகு பரீட்சை இருந்தது. பிறகு நாங்கள் இரண்டு பேர் மாறி மாறி வாசித்துக்கொண்டோம். அதில் யாருடைய வசனம் எது என்று எண்ண வேண்டிய தேவையே இல்லை.

உள்ளே போவது, உறையை வாங்குவது, ஐந்து நிமிடத்தில் கிளம்புவது. இதுதான் என் திட்டம். மகனைக் காரிலேயே இருக்கச் சொன்னேன். வெயிலில் கார் அடுப்பாக இருக்கிறது என்று அவனும் இறங்கி வந்தான்.

லோகேஸ்வரன் வாசலில் காத்திருந்தார். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை. ஒரு கையில் தோலுறை, மறு கையில் வேதாகமம். ஒத்துவாக்கியங்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள் செருகியிருந்தன. நான் பல வருடம் தொடாத புத்தகம் மூன்று மாதத்தில் ஓரமெல்லாம் வளைந்து, படித்த புத்தகமாகியிருந்தது.

என்னை வணங்கிவிட்டு அவர் மகனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நத்தானியேல் நீங்கதானே? சர்ட்டிபிகேட்ல பேரப் பாத்தேன், அப்பதான் அந்தப் பிள்ள யாருன்னு தெரிஞ்சிச்சு. மூணு மாசமா காலையில உங்களுக்குத்தான் ஜெபம். எந்த செமினரில இருக்கீங்க? இந்தியாவுலயா?"

மகன் சிரித்துவிட்டான். "செமினரியா? நான் ஸ்கூடாய்ல கம்ப்யூட்டர் சயன்ஸ் ப்ரோ. ஆள் மாத்தி ஜெபம் பண்ணிட்டீங்க லா."

லோகேஸ்வரனும் சிரித்தார். பிறகு குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நேரமாகிறது, கிளம்பலாம் என்று நான் உறைக்குக் கையை நீட்டினேன். என் குரல் எனக்கே சரியாக இல்லை. மகன் அதைக் கவனித்துவிட்டான்.

"என்ன எழுதியிருக்கு அதுல?"

அவன் லோகேஸ்வரன் பக்கம் திரும்பினான்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது ப்ரோ. நீங்க படிங்க."

லோகேஸ்வரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அவர் வாசித்திருக்க மாட்டார், அது நிச்சயம். நான் சரி என்று தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. களைத்துப்போயிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் முதல் தாளைத் திறந்து, வகுப்பில் வாசிப்பதுபோல நின்று, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"ஆண்டவரே, கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் இந்தப் பிள்ளை பிழைத்தால், இவனை உமது ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். இவன் என் பிள்ளை அல்ல, உம்முடையவன். இது என் பொருத்தனை. ஜெபராஜ்."

தோட்டத்து ஆரம்பப் பள்ளியில் தமிழ் படித்தவர். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நான் எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல்முறை.

மகன் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்தான். அவனுக்கு அது வெறும் கோடும் சுழியும்தான். கடைசியில் என் கையெழுத்தின்மேல் விரலை வைத்தான். அதை மட்டும் அவனுக்கு அடையாளம் தெரியும். அவன் பள்ளி அறிக்கைகளிலெல்லாம் நான் போட்டது.

"நான் தப்பா கேட்டுட்டேனா அண்ணே?" என்றார் லோகேஸ்வரன். புத்தகத்தை என் பக்கம் நீட்டினார். "நீங்க எடுத்துக்குங்க. இது வீட்ல இருக்க வேண்டியது."

நான் வாங்கப் போனேன்.

"எடுக்காதீங்கப்பா," என்றான் மகன். "கொடுத்தது கொடுத்ததுதான். அவருக்குப் பரீட்சை இருக்கும்."

உறையை மட்டும் வாங்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டான்.

5

நெடுஞ்சாலையில் ஒரு இளைப்பாறும் இடத்தில் நிறுத்தினான். நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், தே தாரேக், இரண்டு வாங்கி வந்து ஒன்றை என் முன்னால் வைத்தான்.

"என்னைக் கேக்காம என்னைக் கொடுத்துட்டீங்க," என்றான். "சரி, அப்ப நான் பேபி. அப்புறம் கொடுக்கவும் இல்ல. ரெண்டையுமே என்கிட்ட சொல்லல."

நான் ஏதாவது சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். "நீ ஒண்ணேகால் கிலோதான் இருந்தேப்பா" என்றேன்.

"தெரியும். ஒவ்வொரு பர்த்டேக்கும் அதச் சொல்வீங்க. இத மட்டும் சொல்லல." கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "நான் சர்ச்சுக்கு வரலன்னு சொன்னப்ப ஒரு வாரம் சாப்பிடாம இருந்தீங்களே. எனக்காக வருத்தப்படுறீங்கன்னு நெனச்சேன். பயந்துதான் இருந்தீங்க, இல்ல?"

ஆமாம் என்றேன். பிழைத்தவனை ஆண்டவர் திரும்பக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். இருபத்தொரு வருடமாக அவனுக்குச் சளி பிடித்தாலும் பயந்தேன். மோட்டார் சைக்கிள் கேட்டபோது பயந்தேன். படித்தவன்தான், பொறியாளன்தான். ஆனால் அவனுக்குச் சாதாரணக் காய்ச்சல் வரும்போதெல்லாம் அந்தக் கீழ்த்தட்டுதான் கண் முன்னால் வரும். இதில் பாதியைத்தான் அவனிடம் சொன்னேன்.

வீட்டில் ராணி சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். மகன் அவளிடம் நேரடியாக, இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனான். அவள் வடிதட்டைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஏழு மாசம் சுமந்தவ நான். மேல் மாடியிலதான கிடந்தேன். வந்து ஒரு வார்த்த கேக்கத் தோணலயா? பேனாவ எடுத்து எழுதிக் குடுத்துட்டீகளே."

நீ மயக்கத்தில் இருந்தாய் என்றேன்.

"முழிச்சுட்டேன்ல? முழிச்சு இருபத்தோரு வருசம் ஆகுதுல்ல?"

சோற்றுப் பானையைத் திருப்பி வைத்தாள். கஞ்சி ஆவி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. சர்ட்டிபிகேட் கிடைத்ததா இல்லையா என்று கேட்டாள்.

6

சான்றிதழைக் கொடுத்தோம். அந்தப் பெண்மணி "மிஸ்டர் ஜெபராஜ்" என்று கூப்பிட்டபோது மகன் மட்டும் எழுந்தான். நான் உட்கார்ந்தே இருந்தேன். அது எனக்குச் சிரமமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அன்றே அவன் நண்பர்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டுக்குப் போனான். பரீட்சைக்குச் சேர்ந்து படிக்க வேண்டும் என்றான். பல்கலைக்கழகத்துக்கு அருகில்தான், பத்து நிமிடத் தூரம். ராணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். பாத்திரம் கழுவித் திரும்ப வந்தது. என்னோடு பேசவில்லை.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வருடந்தோறும் அன்று சபையில் அவன் பெயரால் ஸ்தோத்திரக் காணிக்கை படைப்போம். இம்முறையும் படைத்தோம். குருவானவர் அவன் பெயரை வாசித்தபோது ராணி எழுந்து நின்றாள். நான் ஆண்டவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியுமா? அவன் ஊழியத்துக்கு வர மாட்டான் என்று அவன்மேல் பழி போட முடியுமா? தருவதற்கு அவன் என்னுடையவனே அல்ல என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படியானால் நான் எதைக் கொடுத்தேன்?

மறுவாரம் சனிக்கிழமை மாலை லோகேஸ்வரன் கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். ரெங்கம் டவுனுக்கு வந்துதான் அனுப்பியிருக்க வேண்டும். எங்கள் கல்யாண வேதாகமத்தின் முதல் தாள். குருவானவர் எழுதிய எங்கள் பெயர்கள். அதன் கீழே என் பொருத்தனை. அதற்கும் கீழே நீல மையில், ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு அளவில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் எழுதியதுபோல மூன்று வரி.

"இது அப்பா எழுதினது. நான் பிழைச்சிட்டேன். இனி நான் பேசிக்கிறேன். நத்தானியேல்."

நான் உடனே கூப்பிட்டேன். அவன் எப்படி வந்தான் என்பதுதான் என் முதல் கேள்வி.

"மோட்டார்லதான் அண்ணே. நண்பரோட மோட்டாராம்."

அந்தச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் போய்ச் சேர்ந்தானா என்று கேட்டேன். சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினான் என்றார். அதற்குப் பிறகுதான் மற்றதைக் கேட்க மூச்சு வந்தது.

லோகேஸ்வரன் சொன்னார். மத்தியானம் வந்து நின்றிருக்கிறான். என்ன எழுத வேண்டும் என்று வாயால் சொல்லியிருக்கிறான். லோகேஸ்வரன் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்து வேறொரு தாளில் ஏழெட்டு முறை எழுதிப் பழகிவிட்டு, பிறகுதான் வேதாகமத்தில் எழுதினானாம். ழகரம் மட்டும் கடைசிவரை வசப்படவில்லையாம். மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நூலகத்துப் பழைய கணினி ஒன்றைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஜெபத்துக்கு நிற்கவில்லை.

ராணியிடம் படத்தைக் காட்டினேன். கைபேசியைக் கையில் வாங்கி, விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். சனிக்கிழமை வகுப்புக்குத் தொடர்ந்து அனுப்பியிருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

லோகேஸ்வரன் இன்னும் இணைப்பில் இருந்தார். ஏதோ கேட்கத் தயங்குவதுபோல இருந்தது. என்ன தம்பி என்றேன்.

"இல்ல அண்ணே. காலையில நான் ஜெபம் பண்றப்ப, நீங்க எழுதின மாதிரிதான் கேட்டுட்டு இருந்தேன். அவர் ஊழியத்துக்கு வரணும்னு. இப்ப ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. நான் எத வச்சுக் கேக்கறது?"

ராணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேர மட்டும் சொல்லுங்க தம்பி," என்றேன். "போதும்."